அக்கா லேமினேட் செய்த சிம் கார்டு

அப்பா காணாமல் போய் நான்கு மணி நேரம் ஆகியிருந்தது. அக்காவுக்கு அந்தக் கணக்கு துல்லியமாகத் தெரியும். காலையில் ஒரு கல்லூரி மாணவி நாற்பது பக்கங்களை இரண்டு புறமும் நகலெடுக்கக் கொடுத்தாள். முதல் தாளை இயந்திரத்துக்குள் விட்டபோது மணி பத்து பத்து. நாற்காலியில் அப்பா உட்கார்ந்திருந்தார். கடைசித் தாளை எடுத்து, ஓரம் தட்டி அடுக்கிவிட்டுத் திரும்பினால் நாற்காலி மட்டும் இருந்தது.

இப்போது மணி இரண்டேகால். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் போடவேண்டிய சர்க்கரை மாத்திரை கல்லாப் பக்கத்திலேயே கிடந்தது. அது போடாமல், சாப்பிடாமல் இந்த வெயிலில் நடந்தால் அவர் எங்காவது சுருண்டு விழுந்துவிடுவார். போன வருஷம் அப்படித்தான் ஆனது. அப்போது விழுந்தது வீட்டு வாசலில், அதனால் பிழைத்தார்.

கடை ஒன்றுதான், ஷட்டரும் ஒன்றுதான், ஆனால் தொழில் இரண்டு. இடது பாதியில் அக்காவின் நகலெடுக்கும் இயந்திரமும் லேமினேஷன் இயந்திரமும். வலது பாதியில் தங்கையின் மேஜை, வளையும் கழுத்துள்ள விளக்கு, உருப்பெருக்கிக் கண்ணாடி, சூடான காற்று ஊதும் துப்பாக்கி, பிரித்துப் போட்ட போன்கள். அக்கா எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். தங்கை பன்னிரண்டு வரை படித்தாள். அவளைப் படிக்கவைத்தது அக்கா. ஆனால் போனைப் பிரிக்க யாரும் அவளுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. முதலில் நடைபாதையில் குடை விரித்து, சிம் கார்டு விற்றாள். வாங்குகிறவர்களுடைய போனில் சிம் வைக்கும் தட்டு சிக்கிக்கொண்டால், தன் துப்பட்டாவில் குத்தியிருந்த குண்டூசியை எடுத்து ஒரே குத்தில் வெளியே வரவைப்பாள். அதிலிருந்து அந்தத் தெருவில் அவள் பெயர் குண்டூசி. அம்மா வைத்த பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரருக்கே தெரியாது.

பழுது பார்க்கிற ஆண்கள் அவளை ஆரம்பத்தில் சீண்டிப் பார்த்தார்கள். ஒருமுறை உள்ளே ஒன்றுமே இல்லாத வெறும் போன் கூட்டை "ஆன் ஆகலை, பார்த்துக் கொடு" என்று ஆள் மூலம் அனுப்பினார்கள். அவள் அதைத் துடைத்து, ஒரு சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பினாள்: 'சட்டை மட்டும் வந்திருக்கிறது. நோயாளியை அனுப்பவும்.' அந்தச் சீட்டை அக்கா இன்றும் வைத்திருக்கிறாள், லேமினேட் செய்து.

அதுதான் அக்காவின் பழக்கம். எது முக்கியமோ அது லேமினேட் ஆகிவிடும். ரேஷன் அட்டை, மதிப்பெண் சான்றிதழ், மருத்துவர் கையெழுத்து, பிள்ளைகள் போட்ட படம். ஓரத்தில் இரண்டு மில்லிமீட்டர், நான்கு மூலையும் வளைத்து வெட்டு, ஒரு காற்றுக்குமிழி இருக்கக் கூடாது. அப்பாவுக்கும் மகள்கள் இருவருடைய நம்பரையும் எழுதி, லேமினேட் செய்து, தினமும் சட்டைப் பையில் வைப்பாள். இன்று காலை அவர் சட்டையில் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு தானே வேறு சட்டை மாற்றியிருக்கிறார். அட்டை கொடியில் காய்கிற சட்டைப் பையில் இருந்தது. தண்ணீர் பட்டும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை.

காவல் நிலையத்தில் புகார் கொடுத்தாகிவிட்டது. அக்காவின் கணவர் பைக்கை எடுத்துக்கொண்டு பேருந்து நிலையம், ஆஸ்பத்திரி என்று சுற்றிக்கொண்டிருந்தார். எதிர்க்கடைத் தையல்காரர் தன் வேலையைப் போட்டுவிட்டு நான்கு தெரு நடந்து, வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்.

"டீக்கடைக்காரன் பார்த்திருக்கான்மா. வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, பெரிய ரோட்டுப் பக்கம் விறுவிறுன்னு போனாராம். என்ன அவசரம்னு கேட்டதுக்கு, லோடு நிக்குதுன்னாராம்."

அப்பா முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவர். மூன்று வருஷமாக ஞாபகம் ஓட்டைப் பானைத் தண்ணீராக வடிந்துகொண்டிருந்தது. வீட்டு விலாசம் போய்விட்டது. சில நாள் மகள்கள் பெயரும் போய்விடும். ஆனால் ஒன்று மட்டும் போகவில்லை. ஊர் ஊராகப் போன காலத்தில், கிடைத்த போனிலெல்லாம் அம்மாவை அழைத்த அந்த நம்பர். 'இன்னைக்கு என்ன கிழமை, பெரியவரே?' என்று மருத்துவர் கேட்டால் அந்தப் பத்து எண்ணைச் சொல்வார். 'வீடு எங்கே?' என்றாலும் அதையேதான் சொல்வார்.

"அக்கா," என்றாள் குண்டூசி. அதுவரை தன் போனில் யாருடனோ வாதாடிக்கொண்டிருந்தவள் அதைக் கீழே வைத்தாள். "யாராவது அவரைப் பார்த்து, யாருக்குப் போன் பண்ணணும்னு கேட்டா, அவர் எந்த நம்பரைச் சொல்வாரு?"

அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா நம்பரை."

"நான் அதுக்கு அடிச்சுப் பார்த்தேன். சுவிட்ச் ஆஃப்னு வருது. நல்ல விஷயம்தான். அம்மா போய் ரெண்டு மாசம்தானே ஆச்சு. மூணு மாசம் சும்மா கிடந்தாத்தான் நம்பரைப் பிடுங்குவாங்க. அப்போ 'உபயோகத்தில் இல்லை'ன்னு வரும். சுவிட்ச் ஆஃப்னா நம்பருக்கு இன்னும் உயிர் இருக்குன்னு அர்த்தம். ஆனா யாராவது அந்த நம்பருக்கு அடிச்சிருந்தா, இதே சுவிட்ச் ஆஃப்தானே கேட்டிருக்கும்?"

"ஐயோ."

"கம்பெனிக்குப் பேசினேன். அதே நம்பருக்கு வேற கார்டு கொடுங்கன்னேன். யார் பேர்ல இருக்கோ அவங்க நேர்ல வரணுமாம். அவங்க நேர்ல வந்தா நீங்க கடையைப் போட்டுட்டு ஓடிடுவீங்கன்னு சொன்னேன். அப்போ இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் எடுத்துட்டு வாங்க, நாலு நாள்ல பார்க்கலாம்னு சொல்றான். அதை விடு. அம்மாவோட பழைய கார்டு எங்க?"

அக்கா தன் மேஜை பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"அக்கா, பட்டன் போன் பேட்டரி உப்பிப்போச்சுன்னு தூக்கிப் போட்டோமே. அதுல இருந்த சிம்மை நீதானே எடுத்து வச்ச?"

அக்கா மேஜை இழுப்பறையைத் திறந்தாள். அதிலிருந்து அவள் எடுத்து வைத்தது அம்மாவின் அடையாள அட்டை. அதன் பக்கத்தில், அளவெடுத்து வைத்ததுபோல நேராக, அம்மாவின் சிம் கார்டு. இரண்டும் ஒரே கண்ணாடித்தாளுக்குள், ஓரம் இரண்டு மில்லிமீட்டர் விட்டு, மூலை வளைத்து, ஒரு குமிழிகூட இல்லாமல் ஒட்டப்பட்டிருந்தன.

குண்டூசி அதையே பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"நல்லவேளை. அம்மாவையே மெஷின்ல விடாம இருந்தியே."

தையல்காரர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காக வாயைப் பொத்திக்கொண்டார். அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "தொலைஞ்சு போயிடக் கூடாதுன்னுதான்டி..."

"தெரியும். அழாதே, உப்புத் தண்ணி மேஜையில படும். எவ்வளவு சூடு வச்ச?"

"நூத்திப் பத்து."

"கனமான தாளா, மெல்லிசா?"

"கனம். அம்மாவாச்சேன்னு ரெண்டு தடவை விட்டேன்."

குண்டூசி உதட்டைக் கடித்தாள். விளக்கை இழுத்து, உருப்பெருக்கிக்குக் கீழே அட்டையை வைத்தாள். சூட்டில் சிம்மின் பிளாஸ்டிக் ஒரு பக்கம் சருகுபோல லேசாகச் சுருண்டிருந்தது. நடுவில் இருந்த தங்க நிறத் தகட்டின் மேல் பசை கண்ணாடியாக உறைந்திருந்தது.

"செத்துப்போச்சா?" என்று கேட்டார் தையல்காரர். அவர் பல வருஷமாக அவளிடம் கேட்க நினைத்துக் கேட்காதது இன்று வாயில் வந்தது. "இத்தூண்டு அட்டைக்குள்ள அந்தப் பத்து நம்பரும் எப்படிம்மா இருக்கு?"

"இதுல நம்பரே இல்லண்ணே. நம்பர் கம்பெனிக்காரன் நோட்டுல இருக்கு. இந்தத் தகட்டுக்கு அடியில, ஒரு கடுகை நசுக்கின மாதிரி ஒரு சில்லு இருக்கு. அதுக்குள்ள ஒரு ரகசியம் இருக்கு. அதே ரகசியம் கம்பெனிகிட்டயும் இருக்கு. உலகத்துலயே அந்த ரெண்டு இடத்துலதான்." பேசிக்கொண்டே அவள் கத்தியால் கண்ணாடித்தாளில் சிம்மைச் சுற்றிச் சதுரமாகக் கீறினாள். "போனை ஆன் பண்ணினா டவர்லேருந்து ஒரு கணக்கு வரும். ஒவ்வொரு தடவையும் புதுக் கணக்கு. சில்லு அந்தக் கணக்கைத் தன் ரகசியத்தோட சேர்த்துப் போட்டு, விடையை மட்டும் அனுப்பும். கம்பெனியும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும். ரெண்டு விடையும் ஒண்ணா இருந்தா, 'நம்ம ஆளுதான், உள்ள விடு'ன்னு விடுவான். ரகசியம் மட்டும் கார்டை விட்டு வெளிய வரவே வராது. நான் தலைகீழா நின்னு கேட்டாலும் சொல்லாது."

"அப்போ இன்னொரு கார்டுல காப்பி எடுக்க முடியாதா?" இதைக் கேட்டது அக்கா. இருபது வருஷமாக நகல் எடுத்தே பிழைக்கிறவளுக்கு, நகல் எடுக்க முடியாத ஒரு பொருள் இருக்கிறது என்பதே புரியவில்லை.

"முடியாது. இருக்கிறது இந்த ஒண்ணுதான். சில்லு இந்தச் சூட்டுக்குச் சாகாது, அதைச் செய்யும்போதே இதைவிட அதிகமா சூடு காட்டிருப்பாங்க. ஆனா நான் தாளை உரிக்கும்போது தகடு தாளோட சேர்ந்து பிய்ஞ்சு வந்துச்சுன்னா, அவ்வளவுதான்."

அவள் சூடான காற்றைக் குறைந்த அளவில் வைத்து, சுடுகிறதா என்று தன் மணிக்கட்டிலேயே ஊதிப் பார்த்துக்கொண்டாள். பிறகு மூலையில் இருந்து தாளை உயர்த்தினாள். மேல்நோக்கி இழுக்கவில்லை. புண்ணில் ஒட்டிய கட்டுத்துணியை எடுப்பதுபோல, படுக்கைவாக்கில், ஒரு நெல் அகலம், நிறுத்தி ஊதல், மறுபடி ஒரு நெல் அகலம்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆள் கடைக்குள் வந்தார். "ஒரு காப்பி எடுக்கணும்."

"இப்ப இல்லைங்க," என்றாள் அக்கா.

"ஒண்ணே ஒண்ணுதான்."

"மெஷின் ஓடலைங்க."

"பச்சை விளக்கு எரியுதே?"

"யோவ்," என்றார் தையல்காரர், "இங்க ஒரு ஆபரேஷன் நடக்குது. வெளிய வா, நான் உனக்குக் கையாலயே எழுதித் தர்றேன்." அந்த ஆளைத் தோளில் கைபோட்டு நடத்திக்கொண்டு போய்விட்டார்.

தாள் தகட்டின் ஓரத்தைத் தொட்டது. குண்டூசி மூச்சை நிறுத்தினாள். அக்காவும் நிறுத்தினாள். தகட்டின் ஒரு மூலை தாளோடு சேர்ந்து தலைமயிர் அளவு எழும்பியது.

"அக்கா. பல்குத்தி. சீக்கிரம், ஆனா மேஜையை ஆட்டாதே."

அக்கா கொடுத்தாள். குண்டூசி பல்குத்தியின் முனையால் தகட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சைத் தாளுக்கும் தகட்டுக்கும் நடுவில் ஒற்றினாள். பசை இளகக் காத்திருந்தாள். சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் இரண்டு சுற்று முடித்தது. அக்கா இரண்டையும் எண்ணினாள். பிறகு தாள் தானாக நழுவுவதுபோல விலகி வந்தது. தகடு தன் இடத்திலேயே இருந்தது.

குண்டூசி அடுத்துக் கத்தரிக்கோலை எடுத்ததும் அக்கா அலறினாள். "ஏய்! வெட்டாதேடி!"

"சுருண்டுபோன பிளாஸ்டிக் தட்டுல உட்காராது. இது வெறும் சட்டைதான்க்கா. தகட்டைத் தொடாம எவ்வளவு வேணா வெட்டலாம்." சுற்றிலும் இருந்ததை நறுக்கி, தகட்டை ஒட்டி மெல்லிய விளிம்பு மட்டும் விட்டு, உப்புத்தாளில் முதுகைத் தேய்த்தாள். புது போனுக்குள் போகும் கார்டு சிறியது மட்டுமல்ல, மெல்லியதும்கூட. அதை மறந்து வெட்டினவர்கள் தட்டை உள்ளே இறுக்கிக்கொண்டு அவளிடம் வருவார்கள். சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஆகிவிட்ட அம்மாவின் சிம்மை ஒரு பழைய டச் போனின் தட்டில் வைத்து உள்ளே தள்ளினாள். போனை ஆன் செய்தாள்.

'சிம் இல்லை' என்றது போன்.

குண்டூசி தட்டை வெளியே எடுத்து, தகட்டை மறுபடி ஸ்பிரிட்டில் துடைத்தாள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பசைப் படலம் பஞ்சில் மஞ்சளாக வந்தது. பென்சில் அழிக்கும் ரப்பரால் ஒருமுறை மெல்லத் தேய்த்தாள். மறுபடி உள்ளே.

திரை யோசித்தது. பிறகு ஒரு கட்டம் காட்டியது: 'சிம் பின் எண்ணை உள்ளிடவும். மூன்று முயற்சிகள் உள்ளன.'

"உயிரோட இருக்கு!" என்று அக்கா கத்தினாள். "பின் தெரியும்டி, ஒன்பது ஒன்பது ஒன்பது ஒன்பது!" சொல்லிக்கொண்டே கையை நீட்டி அழுத்தியும் விட்டாள்.

'தவறான எண். இரண்டு முயற்சிகள் உள்ளன.'

"அக்கா! அது போனோட பூட்டு! சிம்மோட பூட்டு வேற!" குண்டூசி போனை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "அது வீட்டுக் கதவு, இது பீரோக் கதவு. ரெண்டுக்கும் ஒரே சாவியா? மூணு தடவை தப்பாச்சுன்னா கார்டு வாயை மூடிக்கும். அப்புறம் திறக்கிற எண் கம்பெனிகிட்டதான் இருக்கும். அவன்தான் அம்மாவை நேர்ல வரச் சொல்றானே!"

அக்கா இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டாள், தப்புச் செய்த பள்ளிக்கூடப் பிள்ளைபோல.

"பின் நான் வைக்கலை," என்றாள் குண்டூசி. "யார் வச்சது?"

"அம்மாவேதான். பக்கத்து வீட்டுல சிம்மைத் திருடி வெளிநாட்டுக்குப் பேசிட்டாங்கன்னு கேள்விப்பட்டு, கடையில சொல்லி வச்சுக்கிட்டாங்க. எண் என்னன்னு நம்மகிட்டகூடச் சொல்லலை."

"அப்பா பிறந்த வருஷம்?"

"அம்மாவுக்கு அது தெரியாது. அப்பாவுக்கே தெரியாது."

"லாரி நம்பர்?"

அக்கா யோசித்தாள். அப்பா கடைசியாக ஓட்டிய லாரியின் எண் நான்கு இலக்கம்தான். அம்மா அதை வாசலில் நின்று தூரத்திலேயே படித்துவிடுவாள். "இருக்கும்," என்றாள். "அதுவாத்தான் இருக்கும்."

குண்டூசி ஒவ்வொரு எண்ணாக அக்காவிடம் திருப்பிச் சொல்லிவிட்டு அழுத்தினாள்.

'தவறான எண். ஒரு முயற்சி உள்ளது.'

வாசலில் திரும்பி வந்து நின்ற தையல்காரர் மெல்ல வெளியே இறங்கிவிட்டார். அக்காவின் போன் அடித்தது. அவளுடைய கணவர். பேருந்து நிலையத்தில் இல்லை, ஆஸ்பத்திரியில் இல்லை, பெரிய ரோட்டில் போய்க்கொண்டிருக்கிறேன் என்றார். மணி மூன்று பத்து.

"இனிமே ஊகம் வேண்டாம்," என்றாள் குண்டூசி. "அக்கா, நீ பார்த்ததை மட்டும் சொல்லு. ராத்திரி அம்மா போனை அணைச்சு வைப்பாங்க. காலையில ஆன் பண்ணுவாங்க. தினமும் பின் போட்டிருக்கணும். நான் அப்போ தூங்கிட்டிருப்பேன். நீ பக்கத்துல இருப்ப. என்ன செஞ்சாங்க?"

அக்கா கண்ணை மூடினாள். அம்மா அடுப்பங்கரை ஜன்னலோரம் நிற்பாள். இடது கையில் போன், வலது கட்டைவிரல். படிக்கத் தெரியாதவள் இல்லை, ஆனாலும் எண்களைப் பார்த்து அழுத்தமாட்டாள்.

"பார்க்காமலே அழுத்துவாங்க. கட்டைவிரலை மேல வச்சு அப்படியே கீழ இறக்குவாங்க. வகிடு எடுக்கிற மாதிரி. வகிடு எடுத்தாச்சு, போன் முழிச்சுக்கும்னு சொல்வாங்க."

"மேலேருந்து கீழயா? நேராவா, கோணலாவா?"

"நேரா. ஒரே கோடு."

"எந்தப் பக்கம்? இடதா, நடுவா, வலதா?"

அக்காவுக்கு அது தெரியவில்லை. எவ்வளவு இறுக்கிக் கண்ணை மூடினாலும் விரல் தெரிந்தது, விரலுக்கு அடியில் இருந்த பட்டன் தெரியவில்லை. "பார்க்கலையேடி. மூணுல ஒண்ணு. பார்க்கலையே!"

குண்டூசி மேஜைக்கு அடியில் இருந்த பெட்டியைக் கவிழ்த்து, ஒரு பழைய பட்டன் போனைத் தேடி எடுத்தாள். அதன் முகத்தைப் பார்த்தாள். இடது வரிசை: ஒன்று, நான்கு, ஏழு, அதற்குக் கீழே நட்சத்திரம். வலது வரிசை: மூன்று, ஆறு, ஒன்பது, அதற்குக் கீழே கட்டம் போட்ட குறி.

"அக்கா, பின்னுக்கு நாலு எண் வேணும். நட்சத்திரம் எண் இல்லை. கட்டமும் எண் இல்லை. மேலேருந்து கீழ வரைக்கும் நாலும் எண்ணா இருக்கிறது நடு வரிசைதான்." அவள் விரலை வைத்து இறக்கினாள். இரண்டு, ஐந்து, எட்டு, பூஜ்யம். "நேர்வகிடு."

"ஆனா மூணு பட்டனோட நிறுத்திட்டு, ஒண்ணை ரெண்டு தடவை அழுத்தியிருந்தா?" என்றாள் அக்கா.

குண்டூசி பழைய போனின் கடைசி பட்டனைத் தொட்டுக் காட்டினாள்.

"விரல் கடைசி வரைக்கும் போச்சா? யோசிச்சுச் சொல்லு."

அக்கா யோசித்தாள். அம்மாவின் கட்டைவிரல் போனின் அடி விளிம்பைத் தாண்டி வழுக்கி, முந்தானையில் துடைத்துக்கொண்டு முடியும். "போச்சு. போனைத் தாண்டியே போகும்."

குண்டூசி போனை அவளிடம் நீட்டினாள். "நீயே போடு."

"நான் மாட்டேன்."

"நான் பார்க்கலை, நீதான் பார்த்த. போடு."

அக்கா ஒவ்வொரு எண்ணுக்கும் விரலைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு. ஐந்து. எட்டு. பூஜ்யம். 'சரி' என்ற இடத்தில் விரல் நின்றது. அவள் அழுத்தினாளா, கை தவறிப் பட்டதா, அவளுக்கே தெரியாது.

கட்டம் மறைந்தது. திரையின் உச்சியில் 'தேடுகிறது' என்று வந்தது.

"இப்ப கணக்குப் போட்டுக்கிட்டிருக்கு," என்று கிசுகிசுத்தாள் குண்டூசி. "விடை சரியா வரணும்."

ஒரு கோடு வந்தது. இரண்டு. பிறகு நான்கும். அடுத்த நொடி போன் அதிர்ந்தது, மறுபடி அதிர்ந்தது. கம்பெனியிலிருந்து குறுஞ்செய்தி: 'உங்கள் போன் அணைந்திருந்தபோது கீழ்க்கண்ட எண்ணிலிருந்து மூன்று அழைப்புகள் வந்தன.' மூன்றும் தெரியாத ஒரே எண்; அடுத்த செய்தியில் இருந்தது குண்டூசியின் சொந்த நம்பர். கடைசி அழைப்பு இருபது நிமிடத்துக்கு முன்னால்.

குண்டூசி அந்த எண்ணுக்கு அடித்து, ஸ்பீக்கரில் போட்டாள். அந்தப் பக்கம் லாரி இன்ஜின் இரைச்சலுக்கு நடுவில் ஒரு பெண் குரல்.

"எடைமேடை. யாரு?"

"நீங்க இந்த நம்பருக்கு அடிச்சிருக்கீங்க. பெரியவர் ஒருத்தர்..."

"அட, இப்பவாவது போனை எடுத்தீங்களே! மதியத்துலேருந்து இங்கதான் நிக்கிறாரு. லாரி எடை போடுற இடம்மா இது, பெரிய ரோட்டுல. தன் வண்டி வரும்னு சொல்றாரு. தண்ணி கொடுத்தேன், சாப்பிட மாட்டேங்கிறாரு. கேட்டா இந்த நம்பரையே சொல்றாரு. இப்ப ஒரு வண்டியில ஏறிக்கிட்டிருக்காரு, அந்த டிரைவரும் பாவம் பார்த்து ஏத்துறான். வெளியூர் வண்டி, இன்னும் ரெண்டு நிமிஷத்துல கிளம்பிடும்!"

"ஏத்த வேண்டாம்னு சொல்லுங்க! போனை அவர்கிட்ட கொடுங்க!"

இரைச்சல், காலடிச் சத்தம், கதவு தட்டும் சத்தம். பிறகு மூச்சு வாங்குகிற ஒரு குரல்.

"ஹலோ."

"அப்பா!" என்றாள் குண்டூசி. "அப்பா, நான்தாம்பா. அங்கேயே இருங்கப்பா!"

"யாரும்மா நீ?" என்றார் அப்பா. "ராங் நம்பர். என் பொண்ணுங்க சின்னப் பிள்ளைங்க, பள்ளிக்கூடம் போயிருக்குங்க. வை."

"அப்பா, வச்சுடாதீங்க..."

"இந்தாம்மா, இது வேற யாரோ," என்று அவர் போனைத் திருப்பிக் கொடுப்பது கேட்டது. இன்ஜின் உறுமியது.

அக்கா போனைப் பிடுங்கினாள். நாக்கில் 'அப்பா' என்ற சொல்தான் இருந்தது. அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு அந்த மனிதரை நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெற்ற தகப்பனைப் பார்த்துச் சொல்லக் கூசுகிற சொல் ஒன்றுதான் மிச்சம் இருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு, அம்மா இழுக்கிற இழுப்பிலேயே அதைச் சொன்னாள்.

"என்னங்க..."

அந்தப் பக்கம் பேச்சு நின்றது. இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கடி போன இவ்வளவு நேரம்?" என்றார் அப்பா. "மூணு தடவை அடிச்சாச்சு."

"போன்... போன் பெட்டிக்குள்ள மாட்டிக்கிச்சுங்க."

"சரி சரி. லோடு ஏத்தியாச்சு. கிளம்புறேன். வர ரெண்டு நாள் ஆகும்."

"கிளம்பாதீங்க. சாப்பிட்டீங்களா?"

பொய் சொல்லலாமா என்று யோசிக்கிற அமைதி. "இல்ல."

"வெறும் வயித்தோட வண்டி ஓட்டுவீங்களா? இறங்கி அந்தம்மா பக்கத்துல உட்காருங்க. மாத்திரையும் சாப்பாடும் கொடுத்து மாப்பிள்ளையை அனுப்புறேன்."

"மாப்பிள்ளையா?" குரல் மாறிவிட்டது. "எந்த மாப்பிள்ளை? யார் பேசுறது?"

மகள்கள் பள்ளிக்கூடம் போகிற வீட்டில் மாப்பிள்ளை எங்கிருந்து வருவார்? குண்டூசி பேனாவைப் பிடுங்கி, நகலெடுக்கும் தாளில் பெரிதாக எழுதி அக்கா முகத்துக்கு நேரே பிடித்தாள்: கிளீனர்.

"கிளீனர்ங்க, கிளீனர். வாய் தவறிப்போச்சு. உங்க கிளீனரை அனுப்புறேன்."

"ஆங், அவனா? சோம்பேறிப் பய. வரச் சொல்லு." கதவு திறக்கும் சத்தம், யாரோ 'பார்த்து, பெரியவரே, பார்த்து' என்பது, செருப்பு மண்ணில் உரசுவது. பிறகு அந்தப் பெண் குரல் தூரத்திலிருந்து: "உட்கார்ந்துட்டாரும்மா. ஒரு பன் கொடுக்கட்டுமா?"

குண்டூசி தன் போனில் அக்காவின் கணவரை அழைத்துக் கத்திக்கொண்டிருந்தாள். "மாமா, பெரிய ரோட்டு எடைமேடை! ஓடுங்க! அங்க போனதும் நீங்க கிளீனர், மாப்பிள்ளை இல்லை! ஏன்னு அப்புறம் சொல்றேன், நீங்க கிளீனர்!"

அவர் போய்ச் சேரப் பதினெட்டு நிமிடம் ஆனது. அக்கா போனை வைக்கவில்லை. பேச்சு நின்றால் அவர் எழுந்துவிடுவாரோ என்று பயம். எந்த ஊர் லோடு, டயர் எப்படி இருக்கிறது, போன தடவை பிரேக் பிடிக்கவில்லையே சரி செய்தாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். இதெல்லாம் அம்மா கேட்கும்போது, சின்ன வயதில் பக்கத்தில் படுத்திருந்த அவள் காதில் விழுந்தவை. போனில் சார்ஜ் எட்டு சதவீதம். குண்டூசி அவள் கையை அசைக்காமலே சார்ஜர் ஒயரைச் செருகினாள்.

"வந்துட்டேன்," என்று கடைசியில் கணவரின் குரல் கேட்டது. "நல்லா இருக்காரு. மாத்திரை போட்டாச்சு. நானே வாங்கிட்டு வந்தேன். ஆனா லேட்டுன்னு பிடரியில ஒண்ணு போட்டாரு."

குண்டூசி மேஜையின் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று வாசலில் இருந்து எட்டிப் பார்த்த தையல்காரருக்குத் தெரியவில்லை.

"வச்சுடலாம்கா," என்றாள் அவள் நிமிராமலே.

அக்கா போனைக் காதிலிருந்து எடுக்கப் போனாள். அந்தப் பக்கம் அப்பா மறுபடி போனை வாங்கிக்கொண்டது கேட்டது.

"ஏய், இருக்கியா?"

அக்கா தங்கையைப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"இருக்கேங்க," என்றாள். "சொல்லுங்க."